யார் அடித்தது என்று கேட்காத விதி

அரசாங்கத் தாள் எது கைக்கு வந்தாலும் அதில் என்ன கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். தொழில் அப்படி. ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், அடிக்கடி தாள் சிக்குகிற பிரிண்டர். இவ்வளவுதான் என் கடை. திங்கட்கிழமை குறைதீர் நாளன்று விடிந்ததும் விடியாததுமாக ஆள் வந்துவிடும். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுக்கு நிவாரணம், மாற்றுத்திறனாளி அட்டை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய பையனாக வந்து உட்கார்ந்தவன், தலை நரைத்தும் அதே வேப்பமரத்தடியில்தான் இருக்கிறேன்.

கொஞ்ச நாளாக என் தூக்கத்தைக் கெடுப்பது நம்மூர்ப் படிவம் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் டி.எஸ்.-4316. வேலையில் இருக்கும்போது மூளையில் காயம் பட்டவர்கள் இழப்பீடு கேட்பதற்கான படிவம். அதற்குப் பின்னால் இருக்கிற விதியையும் மொழிபெயர்ப்புச் செயலியின் தயவில் வரிவரியாகப் படித்தேன். ஒரு அக்காவுக்கு மனு எழுதப் போய்த்தான் இதில் மாட்டினேன். அக்கா கதைக்குப் பிறகு வருகிறேன்.

செய்தி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2016 கடைசியில் கியூபாவின் ஹவானாவில் இருந்த அமெரிக்கத் தூதரக ஆட்களில் சிலர், உளவு வேலை பார்த்தவர்கள் உட்பட, காதைத் துளைக்கிற சத்தம், மண்டைக்குள் அழுத்தம், கிறுகிறுப்பு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சிலருக்கு அது அன்றோடு போகவில்லை. நடந்தால் தள்ளாட்டம், வெளிச்சம் ஆகவில்லை, சொல்ல வந்த வார்த்தை வாயில் நிற்கவில்லை. பிறகு சீனாவின் குவாங்சோ, மாஸ்கோ, வியன்னா என்று பல ஊர்களிலிருந்து இதே புகார். 2021 செப்டம்பரில் சி.ஐ.ஏ. இயக்குநர் வில்லியம் பர்ன்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது கூட வந்த ஒருவருக்கும் இந்த மாதிரி அறிகுறி என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின.

காரணம்? ஆளுக்கொன்று சொன்னார்கள். ஹவானாவில் பதிவு செய்த ஒரு சத்தத்தைப் பூச்சிகளின் ஒலியை ஆராய்கிற இரண்டு பேர் எடுத்துப் பார்த்து, அது ஒரு வகைச் சில்வண்டின் சத்தத்தோடு ஒத்துப்போகிறது என்று 2019-ல் சொன்னார்கள். பனங்காட்டுக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சில்வண்டுக்கு நஷ்டஈடு என்றால் எங்கள் ஊரே கோடீஸ்வர ஊர். 2020 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு, குறிவைத்து விட்டுவிட்டுச் செலுத்திய ரேடியோ அலைதான் இருப்பதற்குள் பொருத்தமான விளக்கம் என்றது. 2023 மார்ச்சில் அந்த நாட்டு உளவு அமைப்புகளில் பெரும்பாலானவை, வெளிநாட்டு எதிரி செய்திருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றன. 2024 மார்ச்சில் தேசிய சுகாதார நிறுவனம் 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. படத்தில் காயம் என்று காட்டத்தக்க வித்தியாசம் இல்லை, ஆனால் இவர்கள் படுகிற பாடு உண்மை என்றது. 2025 ஜனவரியில் இரண்டு அமைப்புகள் மட்டும் பழைய முடிவிலிருந்து கொஞ்சம் நகர்ந்தன. இன்னும் முடிச்சு அவிழவில்லை.

எனக்குப் பட்டது வேறு. முடிச்சு அவிழட்டும் என்று அவர்கள் பணத்தை நிறுத்தி வைக்கவில்லை. 2021 அக்டோபர் 8-ல் ஜோ பைடன் ஹவானா சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கீழ்ச்சபையில் ஆதரவு 427 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிக்காரர்கள். சி.ஐ.ஏ. இயக்குநருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் மூளைக்காயம் பட்ட ஊழியருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் பணம் கொடுக்க அந்தச் சட்டம் அதிகாரம் தந்தது. 2022 ஜூனில் வெளியுறவுத் துறையின் விதி அரசிதழில் வந்தது. மூத்த அதிகாரிகளுக்கான ஒரு குறிப்பிட்ட சம்பளப் படிநிலையின் ஓராண்டுத் தொகையை அளவுகோலாக வைத்தார்கள். முக்கால் பங்கு அல்லது முழுப் பங்கு, ஒரே தவணையில், வரி இல்லாமல். அந்த ஆண்டுக் கணக்கில் 1,40,475 டாலர் அல்லது 1,87,300 டாலர். நம் பணத்தில் ஒரு கோடியே பத்து லட்சம், அல்லது ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு.

தொகையைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். யாருக்கு முழுப் பங்கு என்பதைப் பாருங்கள். இனி வேலைக்குத் திரும்ப வாய்ப்பில்லை என்று அவர்களுடைய தொழிலாளர் துறை முடிவு செய்திருந்தாலோ, சமூகப் பாதுகாப்பு அலுவலகம் ஊன உதவித்தொகை ஒப்புக்கொண்டிருந்தாலோ, பக்கத்தில் முழுநேரமும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாலோ முழுப் பங்கு. அந்த மூன்றாவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது காட்ஸ் அளவுகோல், ஒருவர் தன் அன்றாட வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்ப்பது. குளிப்பது, உடுத்துவது, கழிவறை போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நகர்வது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது. ஆறே ஆறு கேள்வி. நம் வீட்டுக் கிழவி ஒருத்தி மருமகளிடம் விசாரிக்கிற அதே ஆறு.

அடுத்து, எந்தச் சம்பவத்தில் காயம் பட்டிருக்க வேண்டும் என்கிற இடம். போர், கிளர்ச்சி, பகைச்செயல், பயங்கரவாதம் என்று அடுக்கிவிட்டு, ‘மற்றச் சம்பவம்’ என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்றால், வேறு எதனாலும் எளிதில் விளக்க முடியாத, புதிதாகத் தொடங்கிய உடல் பாதிப்பு. என் தொழிலில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வரியை எந்த அரசாணையிலும் பார்த்ததில்லை. விளக்க முடியவில்லை என்பதையே தகுதியாக வைத்திருக்கிறான்! யார் அடித்தது, எதனால் அடித்தது என்று நிரூபிக்கிற பாரம் அடிபட்டவன் தலையில் இல்லை. நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து, இந்த ஆளுக்கு இன்னது ஆகியிருக்கிறது, இன்னது முடியவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். மிச்சத்தைப் புலனாய்வு பார்த்துக்கொள்ளட்டும்.

இனி அக்கா.

தொண்டிப் பக்கம் ஊர். வீட்டுக்காரர் மத்திய அரசுச் சம்பளத்தில் கடற்கரையோரம் தகவல் சேகரிக்கிற வேலையில் இருந்தார். எந்தத் துறை என்று எழுத மாட்டேன். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள், எனக்கும் வம்பு வேண்டாம். இந்தக் கரையில் அந்த மாதிரி வேலை பார்க்கிற துறைகள் ஒன்றா இரண்டா. காக்கி கிடையாது. கைலி, கட்டம் போட்ட சட்டை, ஒரு பைக். டீக்கடையில் உட்கார்ந்தால் எந்த வத்தைப் படகு எத்தனை மணிக்குப் போனது, யார் வீட்டில் புதுசாக மாடி எழும்புகிறது, பீடி இலை மூட்டை எந்தத் தோப்பில் கிடக்கிறது எல்லாம் காதுக்கு வந்துவிடும். படகுப் பதிவெண்ணைச் சொன்னால் முதலாளி பேர், அவர் அப்பன் பேர், படகில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒப்பிப்பாராம். குறிப்பேடு வைத்துக்கொள்ளாத மனுஷன். அந்த வேலையில் குறிப்பேடு வைத்துக்கொண்டால் ஆபத்து.

ஒரு ராத்திரி, கடத்துவதற்காகக் கடல் அட்டை படகில் ஏறப்போகிறது என்று ஒருவர் தகவல் சொல்லியிருக்கிறார். 2001-லிருந்து கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலே குற்றம், அதனாலேயே அக்கரையில், இலங்கைப் பக்கம், அதற்கு அப்படி விலை. இவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினார். காலையில் ஆடு பத்திப் போனவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலுக்குப் பிரிகிற மண்ரோட்டில், சீமைக்கருவேலப் புதர் ஓரம் குப்புறக் கிடந்தவரைப் பார்த்திருக்கிறார்கள். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. செல்போன் இல்லை. பைக் பத்தடி தள்ளி ஸ்டாண்டு போட்டு நின்றது.

துறைக் கோப்பில் இருப்பது: இருசக்கர வாகனம் சறுக்கி விழுந்ததில் ஏற்பட்ட காயம்.

“ஸ்டாண்டு போட்ட வண்டி எப்புடித் தம்பி சறுக்கும்?” என்று அக்கா என் மேசை முன்னால் நின்று கேட்டார். நான் ஆடு பத்தியவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். வண்டி நின்றது என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னால், “எங்களுக்கு எதுக்குய்யா, அங்கிட்டுத்தான ஆடு மேய்க்கணும்” என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, ரத்தக்கட்டு இல்லை, லேசான தலைக்காயம் என்று எழுதித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். ‘லேசான’ என்பது மருத்துவத்தில் ஒரு தரவரிசை. அடிபட்ட உடனே நினைவு எவ்வளவு இருந்தது, கண் திறந்தாரா, பேசினாரா என்று பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணை வைத்துச் சொல்வது. அடுத்த வருஷம் அந்த ஆள் எப்படி இருப்பார் என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது. தலை வேகமாகத் திரும்பி அதிர்ந்தால் மூளைக்குள் இருக்கிற நரம்பு இழைகள் இழுபட்டு அறும். அது சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யிலும் எல்லா நேரமும் தெரியாது. மதுரையில் பிறகு பார்த்த நரம்பியல் டாக்டர் இதை அக்காவுக்கு விளக்கியபோது நானும் கூட இருந்தேன். எனக்கு அது பிடிபட்ட விதம் இதுதான்: கரையில் விரித்துப் போட்ட வலையைத் தூரத்தில் நின்று பார்த்தால் முழுசாகத்தான் தெரியும், எந்தக் கண்ணி அறுந்தது என்பது மீன் தப்பிக்கும்போதுதான் தெரியும்.

முதலில் தப்பியது மூக்கு. “அவுகளுக்குக் கருவாட்டு வாடையே தெரியல தம்பி. காயப்போட்ட நெத்திலிக்கு நடுவுல கட்டிலப் போட்டு உக்காந்துக்கிட்டு, இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேக்குறாக” என்றார் அக்கா. முதலில் வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பின்மண்டையில் அடி விழுந்தால் மூளை முன்பக்கம் போய் இடித்து, மூக்கிலிருந்து போகிற மெல்லிய நரம்புகள் அறுந்துபோவது அடிக்கடி நடப்பதுதான். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கேஸ் அடுப்பு திறந்து கிடந்ததும் அவருக்குத் தெரியாமல் போன அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

அப்புறம் ஒவ்வொன்றாக. மத்தியான வெயில் ஆகவில்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். பேரப்பிள்ளை விசில் ஊதினால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தார். அதட்டிக்கூடப் பேசாத ஆள். ஊரில் பாதிப்பேருடைய வம்சாவளியை ஒப்பித்தவர் சொந்த மச்சான் பேருக்குத் தடுமாறினார். மெடிக்கல் லீவ் முடிந்து வேலைக்குப் போனார். அறிக்கை எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் முதல் வரி மறந்துவிடும். அவருக்கு வந்தது மருத்துவக் குழு இல்லை, மெமோ. கவனக்குறைவு, மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு.

சொந்தக்காரர்கள் ஏர்வாடிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். இந்த மாவட்டத்தில் ஒரு மனுஷனின் குணம் திடீரென்று மாறினால் எல்லா மதத்துக்காரருக்கும் முதலில் தோன்றுவது தர்காதான். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவும் நேர்ந்துகொண்டு போனவள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனதை இந்தக் கரையில் யாரும் மறக்க முடியாது. அவர்களில் யாருக்காவது எப்போதாவது மண்டையில் அடிபட்டிருந்ததா என்று கேட்டவர் இருந்திருப்பாரா? பைக்கிலிருந்து விழுந்தவன், மரத்திலிருந்து விழுந்தவன், படகில் கயிறு அறுந்து அடி வாங்கியவன். காயம் ஆறிவிட்டது, ஆள் மாறிவிட்டான், பேய் பிடித்துவிட்டது. அக்கா ஒரு வியாழக்கிழமை போய் ஓதி, கயிறு கட்டிக்கொண்டு, அன்று மாலையே வீட்டுக்காரரைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். தங்க வைக்கவில்லை.

இனி தாள். மத்திய அரசு ஊழியருக்கு அசாதாரண ஓய்வூதிய விதிகள் என்று ஒன்று உண்டு. 1939-ல் வந்தது, 2023-ல் புதுசாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஊனத்தையும் மரணத்தையும் காரணத்தை வைத்து ஏ-யிலிருந்து ஈ வரை பிரிப்பார்கள். ‘ஏ’ என்றால் பணிக்குச் சம்பந்தமில்லாதது. ‘சி’ பணியின்போது விபத்து. ‘டி’ பயங்கரவாதிகள், சமூகவிரோதிகள் தாக்கியது. எந்த எழுத்து விழுகிறதோ அதை வைத்துத்தான் குடும்பத்தின் தலையெழுத்து. பணியின்போது இறந்தவர் குடும்பத்துக்குக் கருணைத்தொகை 25 லட்சத்திலிருந்து 45 லட்சம் வரை உண்டு. உயிரோடு மீண்டவருக்குக் கணக்கு ஊனச் சதவீதத்தில் ஓடும். நூற்றுக்கு நூறு ஊனமாகி எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கிற நிலை என்றால் துணையாள் படி, 7-ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மாதம் 6,750 ரூபாய் என்று தொடங்கியது.

அக்கா வீட்டுக்காரர் கோப்பில் ‘டி’ கேட்டு முதல் மனு போட்டோம். பதில் என்ன தெரியுமா? சம்பவ நேரத்தில் அவர் அலுவல் பணியில் இருந்தார் என்பதற்குப் பதிவு இல்லை. அதாவது ‘சி’கூட இல்லை. எப்படிப் பதிவு இருக்கும்? போகிற இடத்தை எழுதி வைத்துவிட்டுப் போகிற வேலையா அது? தகவல் சொன்னவரைச் சாட்சிக்கு அழைக்க முடியுமா? எந்த அதிகாரி போனில் ‘போய்ப் பார்’ என்றாரோ அவர் மாற்றலாகி வடக்கே போய்விட்டார். தாள் இல்லாமல் வேலை செய் என்று சொல்லித்தான் சம்பளம் கொடுத்தார்கள். தலையில் அடிபட்ட பிறகு தாளைக் கொண்டுவா என்கிறார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்த்தோம். அந்தத் துறை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது விலக்குப் பெற்ற உளவு, பாதுகாப்பு அமைப்புகளின் பட்டியலில் இருக்கிறது. 24-ஆவது பிரிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஊழலுக்கும் மனித உரிமை மீறலுக்கும் மட்டும் அதில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். மனித உரிமை மீறல் என்று எழுதி மேல்முறையீடு அடித்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய நம்பிக்கை இல்லை. சரி, சங்கத்தில் சொல்லலாம் என்றால் சங்கமும் கிடையாது. இந்த மாதிரி அமைப்புகளில் சங்கம் வைப்பதைத் தடுக்க 1985-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று.

ஊனச் சான்றிதழ் கதை இன்னொரு பக்கம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. மூளைக்காயம் என்று தனிப் பெயர் அதில் இல்லை. நாள்பட்ட நரம்பியல் நிலைகள் என்ற தலைப்புக்குள் நுழைத்துப் பார்க்கலாம், அல்லது மனநோய் என்று போய் அதற்கான அளவுகோலில் அளக்கச் சொல்லலாம். கை கால் நன்றாக இருக்கிற ஆள், சட்டை இஸ்திரி போட்டு, தலை சீவி முகாமில் வந்து உட்கார்ந்தால் அங்கிருப்பவர்கள் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். சலுகைக்கு 40 சதவீதம் வேண்டும். வாசனை தெரியவில்லை என்பதற்கு எத்தனை சதவீதம், மச்சான் பேர் மறந்ததற்கு எத்தனை?

ஆனால் அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று இருக்கிறது, 20(4). பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லாவிட்டால் ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஊனம் எப்படி ஆனது, யார் செய்தது, பணியிலா வீட்டிலா என்ற கேள்வி இந்தப் பிரிவில் இல்லை. நம்மிடம் இருப்பதற்குள் அந்த அமெரிக்க விதிக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது இதுதான். இதற்கு முந்திய 1995 சட்டத்தில் இதே பாதுகாப்பு 47-ஆவது பிரிவாக இருந்தது. அதை வைத்து 2003-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவர் குணால் சிங் என்ற கான்ஸ்டபிள். கால் எடுக்கப்பட்டவர். அவர் இருந்த எஸ்.எஸ்.பி. என்ற எல்லையோரப் படை, அப்போதெல்லாம் ‘ரா’ உளவு அமைப்பைப் போலவே அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இருந்த அமைப்பு. மறைவாக வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நான் அந்தத் தீர்ப்பை எடுத்து மேசையில் போடுவேன்.

கால் போனது கண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு வித்தியாசம். ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ராத்திரி தகவல் சொன்னவருக்கும் அடி விழுந்தது என்று பிறகு காதில் விழுந்தது. அவர் மீனவர். மீனவர்களுக்கு மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்துக் காப்பீடு உண்டு. இறந்தாலோ முழுநிரந்தர ஊனமானாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். வாங்கப் போனால் எப்படி அடிபட்டது என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஊரில் இருக்க முடியாது. கடலோரப் பாதுகாப்புக் கூட்டங்களில், மீனவர்கள்தான் நாட்டின் கண்ணும் காதும் என்று மைக்கில் பேசுவார்கள். கண்ணுக்கும் காதுக்கும் பின்னால் ஒரு மண்டை இருக்கிறது.

இந்த மாதிரி ஆட்களுக்கு நாட்டில் கிடைத்த தீர்ப்பு என்று நான் தேடியதில் தட்டுப்பட்டது மெஹ்மூத் அன்சாரி வழக்கு. ராஜஸ்தானில் ரயில்வே அஞ்சல் சேவையில் இருந்தவர். உளவு வேலைக்காக பாகிஸ்தானுக்கு அனுப்பினார்கள், அங்கே பிடிபட்டுப் பல வருஷம் சிறையில் கிடந்தேன் என்பது அவர் வாதம். திரும்பி வந்தால், சொல்லாமல் கொள்ளாமல் லீவு என்று வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அரசு அவரை எங்கள் ஆள் இல்லை என்றது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் கருணைத்தொகையாகக் கொடுக்கச் சொன்னது. உரிமை என்று அல்ல, கருணை என்றுதான். முதலில் 5 லட்சம் என்று சொல்லி, வழக்கறிஞர் மன்றாடியதும் ஏற்றினார்களாம். மனு எழுதுகிறவனுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும். உரிமை என்றால் அடுத்தவனுக்கு நான் அதே மனுவைப் பேர் மாற்றி அடிக்கலாம். கருணை என்றால் ஒவ்வொருவனும் புதுசாக அழ வேண்டும்.

அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் இந்த ஆட்களை முதலில் யாரும் நம்பவில்லை. கூட்டாகப் பிடித்துக்கொண்ட மனபயம் என்றார்கள். 2024 ஜூலையில் அவர்களுடைய தணிக்கை அலுவலகமே, ராணுவ மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு வழி கேட்டு இவர்கள் அலைந்த கதையை அறிக்கையாக எழுதியது. தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. சிகிச்சை வேண்டுமானால் ஆய்வில் சேர் என்று சிலரை நெருக்கியதாகப் புகார். நெருக்கியது ஆய்வாளர்கள் இல்லை என்றும் சொன்னார்கள். யார் நெருக்கினார்கள் என்று நானே யூகித்துக்கொள்கிறேன், மெமோ அடிக்கிற கை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தவிர, அங்கே இந்தச் சட்டம் வந்ததற்கு அடிபட்டவர்களில் சிலர் பேரும் முகமும் காட்டிப் பத்திரிகையில் பேசியதும் ஒரு காரணம். மார்க் பாலிமெரோபுலோஸ் என்ற முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி, 2017 டிசம்பரில் மாஸ்கோ ஓட்டல் அறையில் தனக்கு ஆனதை எல்லோரிடமும் சொன்னார். நம் அக்கா வீட்டுக்காரர் அப்படிப் பேச முடியுமா? பேசினால் அடுத்த மெமோவுக்கு ரகசியக் காப்புச் சட்டத்தைத் தேடி எடுப்பார்கள்.

ஆகவே புது மனுவில் ஸ்டாண்டு போட்ட பைக்கை நான் சண்டைக்கு இழுக்கவில்லை. ஒரு பத்தியில் நடந்ததை நடந்தபடி சொல்லி நிறுத்திவிட்டேன். அக்காவுக்கு அதில் வருத்தம்தான். “அடிச்சவனக் கண்டுபிடிக்க வேணாமாப்பா?” என்றார். வேண்டும் அக்கா, அதற்கு வேறு மனு. இந்த மனுவில் கேட்டிருப்பது, நரம்பியல் டாக்டர் இருக்கிற மருத்துவக் குழு முன்னால் இவரை நிறுத்துங்கள் என்பது. ஞாபகத்தையும் கவனத்தையும் அளக்கிற நரம்பு உளவியல் பரிசோதனை செய்யுங்கள் என்பது. முடிவு வரும்வரை மெமோ நடவடிக்கையை நிறுத்தி வைத்து 20(4)-ன்படி மாற்று வேலை கொடுங்கள் என்பது. இணைப்பில் அக்கா கைப்பட எழுதிய தினக்குறிப்பு. காட்ஸின் ஆறு கேள்விகளை ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் அதோடு நிற்கவில்லை. அடுப்பு அணைக்க மறந்தது, பஸ்ஸில் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போனது, பேரன் தாத்தா பக்கத்தில் போகப் பயப்படுவது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். பல வக்கீல் நோட்டீஸ்களைவிடத் தெளிவாக இருக்கிறது.

மனு பதிவுத் தபாலில் போய்விட்டது. ஒப்புகை அட்டையும் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அதற்கடுத்த ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குப் போகலாம். மதுரையில் ஒரு வக்கீல் கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். ஸ்கேனில் தெரியாத தலைக்காயத்துக்கு ஊன ஓய்வூதியமோ மாற்று வேலையோ கொடுக்கச் சொன்ன தீர்ப்பு ஏதாவது படிக்கிறவர்கள் யாருக்காவது தெரிந்திருந்தால் வழக்கு எண்ணும் ஆண்டும் மட்டும் கீழே எழுதுங்கள். ஆள் பேர், ஊர் பேர் எழுத வேண்டாம்.